பாடும் நம்பிக்கையும்: கிறித்தவத் தமிழ் இலக்கியத்தில் துன்பத்தின் பொருள்

முன்னுரை

துன்பம் ஏன் வருகிறது என்பது எல்லாச் சமயங்களும் எதிர்கொள்ளும் வினா. ஒரு சமயம் தரும் விடை ஒரு மொழிக்குள் வந்து சேரும்போது, அம்மொழியின் சொற்களில் முன்னரே படிந்துள்ள பொருள்களையும் உடன்கொண்டே சேர்கிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் எருத்தேன்பதி முதலிய எல்லைப்புற ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலை மலைகளிலும் தமிழ் பேசும் கிறித்தவர்கள் வாழ்கின்றனர். தமிழகத்துக் கிறித்தவர்களைப் போலவே இவர்களும் தவக்காலத்தில் இயேசுவின் துன்பத்தைக் குறிக்க எடுத்தாளும் சொல் ‘பாடு’ என்பதாகும். இம்மலைகளிலும் வயல்களிலும் அன்றாட உழைப்பைக் குறிப்பதும் அதே சொல்தான்.

கிறித்தவ நோக்கில் துன்பத்துக்குப் பொருள் காண்பதும் நம்பிக்கை கொள்வதும் தமிழில் எவ்வாறு வடிவம் பெற்றன என்பதை இச்சொல்லின் வழியாகவும், தேம்பாவணி, வியாகுலப் பிரசங்கம், இரட்சணிய யாத்திரிகம் ஆகிய நூல்களின் வழியாகவும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். துன்பத்துக்குக் காரணம் கூறுவதில் இந்நூல்கள் வெற்றி பெறவில்லை. துன்புறுவோருக்குத் துணை நிற்பதிலேயே வெற்றி பெறுகின்றன என்பது இதன் கருதுகோள்.

1. ‘பாடு’ என்னும் சொல்

‘படு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த தொழிற்பெயர் ‘பாடு’. முதனிலை திரிந்த தொழிற்பெயருக்கு இலக்கண நூலார் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொல்லுக்குத் தரும் பொருள்கள் பல. நிகழ்ச்சி, நிலைமை, கடமை, பெருமை, உழைப்பு, வருத்தம், கேடு, விழுகை ஆகியன அவற்றுட் சில. ஒரே சொல் பெருமையையும் கேட்டையும், உழைப்பையும் வருத்தத்தையும் சுட்டுவது கருதத்தக்கது. மேம்பாடு, கோட்பாடு, உடன்பாடு, கட்டுப்பாடு என வரும் கூட்டுச் சொற்களில் இது ஆக்கப்பொருள் தருகிறது. ‘என் பாடு பெரும்பாடு’ என்னும் வழக்கில் அல்லலைக் குறிக்கிறது. கடற்கரையில் வலையில் அகப்பட்ட மீனின் அளவை ‘மீன்பாடு’ என்பர். அங்கே அது பயனைக் குறிக்கிறது.

கிறித்தவ விசுவாச அறிக்கையில் போஞ்சு பிலாத்துவின் காலத்தில் இயேசு துன்புற்றதைக் கூறுமிடத்தில் ‘பாடுபட்டு’ என்ற வினையே வழங்கிவருகிறது. பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் இக்காலத் துன்பங்களைக் குறிக்குமிடத்திலும் சீர்திருத்தத் திருச்சபையினரின் தமிழ் விவிலியம் ‘பாடுகள்’ என்றே மொழிபெயர்க்கிறது. இலத்தீனில் ‘பாசியோ’ என்னும் சொல் ‘ஒன்றுக்கு உட்படுதல்’ என்ற பொருளுடையது. தமிழில் ‘படு’ என்பதும் உட்படுதலைக் குறிப்பதே. அடிக்கப்பட்டான், கொல்லப்பட்டான் எனச் செயப்பாட்டு வினையை உருவாக்கும் துணைவினையும் அதுவே. இவ்வளவில் மொழிபெயர்ப்பு மூலத்துக்கு நேராக அமைந்துள்ளது.

வேறுபாடு இதன்பின் தோன்றுகிறது. ‘பாடுபடு’ என்பது தமிழில் ஒருவன் செயலற்றுத் துன்புறுவதை மட்டும் குறிப்பதன்று. ‘பிள்ளைகளுக்காகப் பாடுபட்டாள்’ என்னும் தொடரில் வருத்தத்தைவிட உழைப்பே மேலோங்கி நிற்கிறது. யாருக்காக என்ற வினாவுக்கும் அத்தொடரில் விடை உண்டு. எனவே ‘கிறிஸ்து மனிதருக்காகப் பாடுபட்டார்’ என்று தமிழில் கூறும்போது, மூலச் சொல்லில் வெளிப்படையாக இல்லாத ஒரு பொருள் கேட்போர் மனத்தில் இயல்பாகத் தோன்றுகிறது. சிலுவைத் துன்பம் அங்கே ஓர் உழைப்பாகவும், பிறர்க்குரிய உழைப்பாகவும் விளங்குகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இதனைக் கருதியே சொல்லைத் தேர்ந்தனர் என்று கொள்ள வேண்டியதில்லை. சொல்லே அப்பொருளைக் கொண்டுவந்து சேர்த்தது எனலாம்.

2. காரணம் கேட்கும் மரபும் விவிலியமும்

தமிழ் மரபில் துன்பத்துக்குக் கூறப்பட்ட காரணங்களுள் வலிமை வாய்ந்தது ஊழ். திருக்குறள் அதனைத் தனி அதிகாரமாக வைத்துப் பேசுகிறது. சிலப்பதிகாரம் தன் மூன்று உண்மைகளுள் ஒன்றாக ஊழ்வினையைக் கொள்கிறது. எனினும் இம்மரபு முழுவதும் ஊழுக்கு அடங்கியதன்று. குறளிலேயே ‘இடுக்கண் அழியாமை’ என்னும் அதிகாரமும் உண்டு. கோவலனின் கொலைக்கு முற்பிறப்பு வினை காரணமாகக் காட்டப்பட்ட போதிலும், கண்ணகி அக்காரணத்தை நாடி அமைதி கொள்ளாமல் மன்னனிடம் நீதி கேட்கிறாள். காரணத்தை அறிவது வேறு, நீதியைக் கேட்பது வேறு என்ற தெளிவு தமிழ்க் காப்பியத்துக்குப் புதியதன்று.

விவிலியத்துள் யோபு நூல் இவ்வேறுபாட்டையே மையமாகக் கொண்டது. குற்றமற்ற யோபு மக்களையும் உடைமையையும் உடல்நலத்தையும் இழக்கிறார். பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் தரையில் அமர்ந்து அவருடன் பேசாதிருக்கின்றனர். பின்னர்ப் பேசத் தொடங்கி, செய்த பாவமே துன்பத்துக்குக் காரணம் என வாதிடுகின்றனர். யோபு அதனை ஏற்க மறுக்கிறார். நூலின் முடிவில் இறைவன் கண்டிப்பது முறையிட்ட யோபுவின் நண்பர்களையே. இறைவனுக்காக வாதாடியவர்கள் பிழைபட்டவராகின்றனர். நண்பர்கள் செய்தவற்றுள் சிறந்தது அந்த ஏழு நாள் மௌனமே என்று கூறத் தோன்றும்.

தமிழகத்தில் அரிச்சந்திரன் கதையை அறிந்தோர் இரு கதைகளுக்கும் உள்ள ஒப்புமையை எளிதில் காண்பர். இரண்டிலும் மேலுலகில் எழும் ஒரு வாதம் மண்ணுலகில் ஒருவனின் துன்பமாக விளைகிறது; இரண்டிலும் இழந்தவை இறுதியில் மீள்கின்றன. ஆயின் அரிச்சந்திரன் சொல்லால் உயர்ந்தவனாவது வாய்மை தவறாமையினால். யோபு உயர்வது வாய்விட்டு முறையிட்டமையினால். சுடுகாட்டிலும் அரிச்சந்திரன் கடமை தவறான். சாம்பலில் அமர்ந்த யோபுவோ இறைவனை வழக்குக்கு அழைக்கிறார். முறையீடும் வழிபாட்டின் ஒரு பகுதி என்பதை யோபு நூல் நிலைநாட்டுகிறது.

யோவான் நற்செய்தியில் பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்கின்றனர். இயேசு இரண்டையும் மறுத்து, அவனுக்குப் பார்வை தரும் செயலில் ஈடுபடுகிறார். காரணம் பற்றிய வினா செயல் பற்றிய வினாவாக அங்கே மாறுகிறது. துன்பத்தைப் பற்றிய கிறித்தவச் சிந்தனையின் திருப்புமுனை இதுவே.

3. தேம்பாவணி: இயற்கையின் இரங்கல்

இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி, மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசை, ‘வளன்’ என்னும் பெயரில் இதன் தலைவர் ஆகிறார். தச்சுத் தொழில் செய்த ஏழை ஒருவரைக் காப்பியத் தலைவராக்கியதே உழைப்புக்கும் துன்பத்துக்கும் மதிப்பளித்த செயல் எனலாம்.

துன்பத்தைக் காட்டும் இடங்களுள் சிறந்தது கருணையனின் புலம்பல். திருமுழுக்கு யோவானே காப்பியத்தில் கருணையன் எனப்படுகிறார். தாய் எலிசபெத்துடன் கானகத்தில் வாழ்ந்த அவர், தாயை இழந்து தனித்து நின்று வருந்துகிறார். மழை பெறாத இளம்பயிராகத் தம்மைக் காணும் அவருடைய துயரம், முல்லையும் பாலையும் அறிந்த தமிழ்ச் செவிக்கு விளக்கம் வேண்டாதது. அத்துயரைக் கேட்டு மரங்களும் மலர்களும் பறவைகளும் கண்ணீர் வடிப்பதாக முனிவர் பாடுகிறார்.

இங்கே திறனாய்வுக்குரிய செய்தி ஒன்றுண்டு. முனிவர் மறையியல் கற்றவர். தர்க்க முறையில் வாதிடத் தெரிந்தவர். சாவு ஏன் வந்தது என விளக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அந்த இடத்தில் அவர் விளக்கத்தை நாடவில்லை; உடன் அழுவோரைத் தேடுகிறார். மனிதர் இல்லாத காட்டில் உடன் அழுவதற்கு மரமும் பறவையும் வருகின்றன. இரங்கல் என்பதை நெய்தலின் உரிப்பொருளாகக் கொண்டதும், கையறுநிலையைத் தனித்துறையாக வளர்த்ததும் தமிழ் மரபு. அம்மரபு கிறித்தவக் காப்பியத்துள் ஆறுதலின் வடிவமாகப் புகுந்துள்ளது. மறுவாழ்வு பற்றிய நம்பிக்கை காப்பியம் முழுவதும் உண்டு. ஆயினும் அந்நம்பிக்கை கண்ணீரைத் தடுக்க வந்ததாக இவ்விடம் காட்டவில்லை.

4. வியாகுலப் பிரசங்கம்: ஒப்பாரியின் இடம்

கோவாவில் 1676இல் பிறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் இலங்கையில் பணியாற்றி 1742இல் மறைந்தவர். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றியவர். இலங்கைக் கரையோரத்தில் ஒல்லாந்தர் ஆட்சி கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம் அது. குருக்கள் மறைந்து இயங்க, மக்கள் தம் சமயத்துக்காகத் தண்டனையை எதிர்கொண்டனர். இச்சூழலில் இயேசுவின் பாடுகளைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய உரைநடை நூல் வியாகுலப் பிரசங்கம். துன்புறும் மக்களுக்குத் துன்புற்ற இறைமகனின் கதை எழுதித் தரப்பட்டது என்ற பின்னணியிலேயே இந்நூலைப் படித்தல் வேண்டும்.

இது மௌனமாகப் படித்தற்குரிய நூலன்று. தவக்காலத்தில் கூட்டமாக அமர்ந்து, உருக்கமான இசையோடு வாசித்துக் கேட்டற்குரியது. அவ்வாசிப்பு ஒப்பாரியின் ஓசையை நினைவூட்டும். இறந்தவரைச் சுற்றி அமர்ந்து மகளிர் பாடும் ஒப்பாரியில், இறந்தவர் பெருமையோடு பாடுவோர் தத்தம் சொந்தத் துயரும் கலந்து வெளிப்படும். தன் கணவனை நினைந்து அழுபவளும், தன் மகனை நினைந்து அழுபவளும் ஒரே பாட்டில் சேர்வர். வியாகுல மாதாவின் துயரைக் கேட்டு அழும் பெண்ணும் அவ்வாறே. ஆண்டில் ஒரு முறை, ஊரறிய, வெட்கமின்றி அழுவதற்கு உரிய இடத்தைச் சமயம் அவளுக்கு அளிக்கிறது. துன்பத்துக்கு இங்கே கிடைப்பது சொல் விளக்கமன்று, அவையாகும். தனித்துக் கிடந்த துயரம் அவையேறும்போது அதன் சுமை குறைகிறது. நம்பிக்கைக்கு அதுவே முதற்படி.

5. இரட்சணிய யாத்திரிகம்: சுமையும் துணையும்

நெல்லைப் பகுதியின் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1858இல் கிறித்தவம் தழுவியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. அவர் இயற்றி 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களை உடையது. கம்பனில் தோய்ந்த நடையினால் இவரைக் கிறித்தவக் கம்பர் என்பர். இதன் மூலம், ஜான் பன்யன் எழுதி 1678இல் வெளிவந்த ஆங்கில உருவகக் கதை. அனுமதியின்றிச் சமயப் பேருரை ஆற்றியமைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தவர் பன்யன். அவருக்குத் துன்பம் ஏட்டுப் பொருளன்று.

மூலக்கதையில் நம்பிக்கை பற்றிய இரண்டு இடங்கள் சிறப்பாகக் குறிக்கத்தக்கன. பயணியின் தோழன் மாயச் சந்தை நகரில் கொலையுண்ட பின்னர், அந்நகரத்தான் ஒருவன் பயணியோடு சேர்ந்துகொள்கிறான். அவன் பெயரே ‘நம்பிக்கை’ என்று பொருள்படுவது. ஒருவன் துன்பத்தை ஏற்ற விதத்தைக் கண்டு இன்னொருவனிடம் நம்பிக்கை பிறக்கிறது என்பது இதன் உட்பொருள். அடுத்து, அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் அடைபட்ட இருவரும் பல நாள் வதைபட்டபின், வாக்குறுதி என்னும் திறவுகோல் தம் மடியிலேயே இருந்ததை நினைவுகூர்கின்றனர். நம்பிக்கை வெளியிலிருந்து வந்து மீட்கவில்லை. மறந்திருந்தது நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னர் வதையும் இருளும் உண்மையாகவே நிகழ்ந்தன என்பதையும் கதை மறைக்கவில்லை.

கிருஷ்ணபிள்ளை மூலத்திலிருந்து விலகும் இடம் இதனினும் முதன்மையானது. பன்யனின் கதையில் பயணி சிலுவையைக் காண்கிறான். முதுகிலிருந்த சுமை கழன்று விழுகிறது. இயேசுவின் பாடுகள் அங்கே நிகழ்ச்சிகளாக விரித்துரைக்கப்படவில்லை. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் அவற்றைக் காப்பிய நிகழ்ச்சியாகவே விரித்துப் பாடுகிறார். கட்டுண்ட இயேசு இகழ்வோரை எதிர்த்துப் பேசாது நிற்க, அதனைக் கண்ட மக்கள் மனம் பொறாது புலம்புகின்றனர். சிலுவை அடையாளமாக மட்டும் நின்றுவிடாமல், ஊர் மக்கள் நடுவே நடந்த கொடுமையாகிறது.

இம்மாற்றத்துக்குக் காப்பிய இலக்கணமும் ஒரு காரணமாகலாம். தன்னேரில்லாத் தலைவன் ஒருவன் வேண்டும் என்பது தமிழ்க் காப்பிய மரபு. ஆயினும் இதன் விளைவு இலக்கணத்தைக் கடந்தது. துன்பத்துக்கு உட்படுபவரின் பொறுமை மட்டுமே காட்டப்பட்டிருந்தால், ‘நீயும் பொறுத்துக்கொள்’ என்னும் அறிவுரையாக அது சுருங்கியிருக்கும். காண்போரின் பதைப்பையும் உடன்வைத்துப் பாடியமையால், பிறர் துன்பத்தைக் கண்டவன் வாளாவிருத்தலாகாது என்னும் உணர்வும் பாடலில் எழுகிறது. பொறுமை துன்புறுபவருக்கு உரியது. பொறாமற் பதைத்தல் காண்பவர்க்கு உரியது. இப்பகுப்பு கிருஷ்ணபிள்ளையின் காப்பியம் தரும் சிறந்த கொடை.

எனினும் ஒரு குறையையும் சுட்டுதல் வேண்டும். உருவகக் காப்பியம் ஆதலின், பயணி சந்திக்கும் இடர்கள் பெரும்பாலும் ஆன்மாவின் இடர்களாகவே அமைகின்றன. பசி, பிணி, கூலி போன்ற உலகியல் துன்பங்கள் அவ்வளவாக இடம்பெறுவதில்லை. காப்பியம் வெளிவருவதற்கு முன்னர் 1876–78இல் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அத்துன்பத்தை நேரே பாடியவர் மற்றொரு கிறித்தவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவருடைய கீர்த்தனைகளுள் பஞ்சத்தைப் பற்றியன இறைவனிடம் முறையிடும் குரலுடையன. பாடியதோடு அமையாமல், பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்து உதவியவர் அவர். அக்கொடையைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேற் பாடினார். யோபுவின் முறையீடும், குருடனுக்குப் பார்வை தந்த செயலும் ஒருங்கே அமைந்த நிலை இது. காப்பியம் விட்ட இடத்தைக் கீர்த்தனை நிரப்பியது.

6. எல்லைப்புறத் தமிழரின் பாடு

இலக்கியத்தில் கண்ட இப்பொருளை வாழ்க்கையில் உரைத்துப் பார்ப்பதற்குக் கேரள எல்லைப்புறம் ஏற்ற களமாகும். எருத்தேன்பதியை உள்ளிட்ட பாலக்காட்டின் கிழக்குப் பகுதி, கேரளத்தின் பிற பகுதிகளை நோக்க மழை குறைந்த நிலம். நீருக்கு ஏங்கும் பயிர் என்பது இங்கே காப்பிய உவமை மட்டுமன்று. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவ்வூர்களும் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தில் அமைந்தன. இங்குள்ள தமிழர்க்குத் தாய்மொழியில் வழிபடும் இடமாகத் திருச்சபை விளங்குகிறது. பாலக்காட்டு இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்க்கென 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைக்கப்பட்டது.

மலைப்பகுதியின் வரலாறு கடுமையானது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த இராஜமலையின் பெட்டிமுடியில் மண்சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. 70 பேர் மாண்டனர். மாண்டோருட் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர். இத்தகைய துயரத்தின் முன்னிலையில் ‘இது இறைவன் திருவுளம்’ என்று கூறி அமைபவர் யோபுவின் நண்பர்கள் செய்த பிழையையே செய்கின்றனர். மழையை அனுப்பியவர் யார் என்பதைவிட, மலைச்சரிவின் அடியில் வரிசை வீடுகளில் மக்கள் வாழ நேர்ந்தது ஏன் என்பதே அங்கே கேட்கத்தக்க வினா. கிறித்தவ நம்பிக்கை இவ்வினாவை அடக்குமாயின், அது விவிலியத்துக்கே மாறுபடுவதாகும்.

துன்பத்தைப் புனிதமாக்கும் சமயம் துன்பத்தின் காரணங்களை நிலைபெறச் செய்கிறது என்னும் குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. சிலுவையைச் சுமந்துகொள் என்ற அறிவுரை சுமத்துபவன் வாயிலிருந்து வரும்போது கொடுமையாகிறது. உழைப்பவரிடம் பொறுமையைக் கேட்பவர், உழைப்பைப் பெறுபவரிடம் நீதியைக் கேட்காதிருந்த காலங்கள் திருச்சபை வரலாற்றிலும் உண்டு.

‘பாடு’ என்னும் சொல் இவ்விடத்தில் மீண்டும் துணைசெய்கிறது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஒன்று திரண்டு, 20 விழுக்காடு போனசு கேட்டுப் போராடினர். அது சமய இயக்கமன்று. பல சமயத்தினரும் சேர்ந்தது. ஆயினும் ‘நாங்கள் பட்ட பாடு’ என்று ஒரு தொழிலாளி கூறுமிடத்து, அத்தொடரில் வருத்தமும் உழைப்பும் உரிமையும் ஒருசேர ஒலிக்கின்றன. பட்ட பாட்டுக்குப் பயன் உண்டு என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. கூலி கேட்பவளின் பாடும், பெரிய வெள்ளியன்று அவள் கேட்கும் திருப்பாடும் தமிழில் ஒரே சொல்லாயிருப்பது, இரண்டையும் பிரிக்க முயல்வோர்க்கு ஒரு தடையாக நிற்கிறது.

பவுல் தம் திருமுகத்தில் நெருக்கடியிலிருந்து பொறுமையும், பொறுமையிலிருந்து தேர்ந்த நிலையும், அதிலிருந்து நம்பிக்கையும் பிறப்பதாக ஒரு வரிசை கூறுவார். அவ்வரிசையில் நம்பிக்கை இறுதியில் நிற்பது நோக்கத்தக்கது. துன்புறுவோரிடம் தொடக்கத்திலேயே நம்பிக்கையைக் கேட்பது வரிசையை மாற்றுவதாகும். முதலில் புலம்பலுக்கு இடம் வேண்டும். பின்னர் உடனிருப்போர் வேண்டும். நம்பிக்கை அவற்றின் விளைவாக வருவது. சிலுவையில் தொங்கியவரும் கைவிடப்பட்ட நிலையை வாய்விட்டுக் கூறிய பின்னரே உயிரை ஒப்படைத்தார் என நற்செய்திகளைச் சேர்த்து நோக்கிக் கூறலாம்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன சில. கிறித்தவத் தமிழ் நூல்கள் துன்பத்துக்குக் காரணம் கூற முயலும் இடங்களைவிட, உடன் அழவும் உடன் நடக்கவும் ஆள் சேர்க்கும் இடங்களிலேயே ஆற்றல் பெறுகின்றன. தேம்பாவணியில் மரமும் பறவையும், வியாகுலப் பிரசங்கத்தில் கூடியிருந்து கேட்கும் அவையும், இரட்சணிய யாத்திரிகத்தில் பதைக்கும் மக்களும் அத்துணையாகின்றனர். இத்துணையை அமைத்துக் கொடுத்தவை கையறுநிலை, ஒப்பாரி, காப்பியப் புலம்பல் என்னும் தமிழ் மரபுகளே. கிறித்தவம் தமிழுக்கு ஒரு கதையைத் தந்தது. அக்கதையில் அழுவதற்குரிய முறையைத் தமிழ் தந்தது.

துன்பம் தன்னளவில் நன்மையன்று. பிறர்க்காக ஏற்கும்போதும், பிறரால் பகிரப்படும்போதும் அது பாடாகிறது. பாடு பயனை நோக்கியது. எருத்தேன்பதியின் வறண்ட நிலத்திலும் மூணாற்றின் சரிவிலும் இச்சொல்லை நாள்தோறும் வழங்குவோர், அதன் முழுப்பொருளையும் அகராதி பாராமலே அறிந்தவர்கள். அவர்களிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேச முற்படுவோர், முதலில் அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டு அறிதல் வேண்டும்.